வெயிலுக்கு ஒரு கூண்டு

“…கூண்டு ஏத்தினா கடலுக்குப் போறவன் கரையில நிக்கானா இல்லையா? நிக்காம்லா? அப்ப வெயிலுக்கும் ஒரு கூண்டு ஏத்தினா களத்துல நிக்கவ நிழலுக்குப் போவாளா மாட்டாளா? முதல்ல அதச் சொல்லு. இரும்புக் கதையப் பொறவு பேசலாம்.”

அக்கா இப்படி என் பட்டறை வாசலில் நின்று கேட்டபோது நான் ஒரு வள்ளத்துக்குச் சுக்கான் பிடி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். முகத்தட்டியைத் தூக்கிப் பார்த்தேன். தலையில் சும்மாட்டுத் துணி, சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, கையில் நாலாய் மடித்த ஒரு நோட்டீஸ். களத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள். நெத்திலி வாசம் அவளுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது.

மீன்பிடித் துறைமுகத்துக்குத் தெற்கே, கருவாடு காயப்போடுகிற சிமெண்டுத் தளங்கள் வரிசையாக இருக்கின்றன. களம் என்போம். அதில் ஒரு களத்துக்கு அக்காதான் பொறுப்பு. களம் ஒரு வியாபாரி அண்ணாச்சிக்குச் சொந்தம். ஆனால் எந்த மீனை எப்போது விரிப்பது, எப்போது புரட்டுவது, எப்போது அள்ளுவது என்பதெல்லாம் அக்கா வாயிலிருந்துதான் வரவேண்டும். பதினெட்டுப் பெண்கள் அவள் சொல்லுக்கு நடப்பார்கள். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது எட்டாவது வரை. மிச்சப் படிப்பையெல்லாம் இப்படி வாசலில் நின்று பேசுகிறவர்களிடம்தான் படித்தேன். யாராவது நல்ல பேச்சு பேசினால் வெல்டிங் ராடு வரும் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். அந்த அட்டைகளில் பாதி அக்கா பேசியது.

கூண்டு என்று அவள் சொன்னது, துறைமுகத்தில் புயலுக்கு ஏற்றுகிறார்களே அது. எங்கள் ஊரில் கூண்டின் நம்பர் தெரியாத ஆள் கிடையாது. கூண்டு ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டால் எப்பேர்ப்பட்ட சண்டியரும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார்.

“ஒருத்தனும் ‘எனக்குப் பயமா இருக்கு’ன்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டாம் பாத்தியா? கூண்டு சொல்லிருது. அவன் பாட்டுக்கு வீட்டுக்கு வந்துருதான். அவன் மானமும் போவல, உசுரும் போவல” என்றாள் அக்கா.

அட்டையைத் தேடினேன்.

“எழுதாதல. இதப் பாரு முதல்ல” என்று நோட்டீஸை விரித்தாள். வெப்ப அலை பற்றிச் சமுதாயக் கூடத்தில் அன்று காலை ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. நிறைய தண்ணீர் குடியுங்கள், பன்னிரண்டு முதல் மூன்று வரை வெயிலில் நிற்காதீர்கள், தலைசுற்றினால் நிழலுக்குப் போங்கள் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

“எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு. யாரு முதல்ல எந்திரிக்கணும்னு மட்டும் போடல” என்றாள்.

அவள் ஏன் இதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். போன கோடையில் அவளுடைய தம்பி மனைவி களத்தில் விழுந்தாள். அதுதான் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதியை அன்றைக்குத்தான் சொன்னாள். விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்தப் பெண் தலையைப் பிடித்துக்கொண்டு கொட்டகை நிழலுக்குப் போயிருக்கிறாள். களத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் நிழலுக்குப் போகிறாளோ அவளைக் கேலி செய்வார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வேலை ஓட வேண்டுமே என்று செய்வதுதான். “ஏளா, மகாராணி எழுந்தருளிட்டா, யாராச்சும் போயி விசிறுங்களா” என்று ஒருத்தி சொன்னாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். அந்தப் பெண் எழுந்து திரும்ப வெயிலுக்கு வந்துவிட்டாள்.

“சொன்னது யாரு, அக்கா?” என்றேன்.

“இந்த வாய்தான்” என்றாள்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அந்தப் பெண் பிழைத்து வந்தாள். ஆனால் பழைய உடம்பு வரவில்லை. பத்து நிமிஷம் வெயிலில் நின்றால் கால் துவண்டுவிடுகிறது. இப்போது கொட்டகைக்குள் உட்கார்ந்து நெத்திலி தரம் பிரிக்கிறாள். அக்கா அதற்குப் பிறகு கேலி செய்வதை விட்டுவிட்டாள். ஆனாலும் யாரும் முதலில் எழுந்திருப்பதில்லை. “நான் போங்கன்னு சொன்னாலும் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கா. நான் சொல்லி ஒருத்தி போனா, அவளுக்கு உடம்பு சரியில்லன்னு ஆயிருது. எல்லாருக்கும் சேத்து ஒண்ணு சொல்லணும். அது மனுசனா இருக்கக் கூடாது.”

அண்ணாச்சியிடமும் பேசிவிட்டு வந்திருந்தாள். அவர் லேசில் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. ‘கருவாட்டுக்கு வெயில்தாம்மா தாய். உச்சி வெயில்ல புரட்டாத மீனு மீனா?’ என்று கேட்டாராம். இவள், ‘அளவுக்கு மிஞ்சின வெயில்ல நெத்திலி காயாது அண்ணாச்சி, பொரியும். அள்ளும்போது தலை ஒடியும். அந்த நாள்ல மூடித்தான் போடணும்’ என்று சொல்லியிருக்கிறாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: “ஏத்திப் பாரு. ஒரு லோடு, ஒரே ஒரு லோடு கெட்டாலும் இறக்கிரணும். பொறவு கூண்டுன்னு பேச்சே வரக் கூடாது.”

இவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

இந்த இடத்தில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். கூண்டு வேண்டும் என்றாள் அல்லவா, நான் கூண்டே செய்துவிட்டேன். ஆறு எம்.எம். கம்பியில் உருண்டையாக ஒன்று, அதற்கு அடியில் கூம்பாக ஒன்று, இரண்டுக்கும் கறுப்புத் தார்ப்பாய் கட்டி, பார்த்தால் துறைமுகத்தில் தொங்குவதற்குத் தம்பி மாதிரி இருந்தது. பற்றவைத்த தடம் தெரியாமல் ராவி வேறு கொடுத்தேன். களத்து ஓரத்தில் இருபது அடிக் குழாயை நட்டு, கப்பி போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று மேலே ஏற்றினோம்.

கால் மணி நேரம் ஆகவில்லை. கடலுக்குப் புறப்பட்ட வள்ளங்கள் நாலு திரும்பிவிட்டன. தூரத்தில் நின்ற ஒன்று வலையைப் பாதியில் அறுத்துப் போட்டுவிட்டு வருகிறது. யாரோ மாதா கோயிலுக்கு ஓடி மணி அடித்துவிட்டார்கள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி வருகிறார்கள். வானம் என்றால் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கிறது. பங்குச் சாமியார் செருப்பில்லாமல் வந்து நின்று வானத்தைப் பார்க்கிறார், கூண்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

வலையை அறுத்துவிட்டு வந்த பெரியவர் கரையில் குதித்ததும் கேட்டார்: “எங்கலே புயலு?”

“புயல் இல்ல மாமா. வெயிலுக்கு” என்றேன்.

“வெயிலுக்கா? ஏலே, வெயிலு வாரது உனக்குக் கூண்டு ஏத்தித்தான் தெரியணுமோ? நாளைக்குப் பசிக்கும் ஒண்ணு ஏத்துவியோ? பொண்டாட்டி கோவத்துக்கு ஒண்ணு ஏத்து, அதுக்காச்சும் உபயோகமா இருக்கும்!”

கரை முழுக்கச் சிரிப்பு. அறுத்த வலைக்கு நானும் அக்காவும் இரண்டு நாள் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தோம். முடிச்சுப் போடும்போது அக்கா ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. “தப்பு உம்மேல இல்லல. இந்த ஊரு கூண்டுக்கு எவ்வளவு மரியாத வச்சிருக்குன்னு பாத்தேல்லா? அந்த மரியாதையில நம்ம கை வைக்கக் கூடாது. நம்மளுக்கு நம்ம சாதனம் வேணும்” என்றாள். என் கூண்டு இப்போது அவள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. நாலு கோழி குடியிருக்கிறது.

அந்தச் சாதனத்தைக் கண்டுபிடித்தது தம்பி மனைவி. களத்தில் மீன் சுமக்க ஓலைக் கடவம் வைத்திருப்பார்கள், பனையோலையில் முடைந்த பெரிய பெட்டி. சாயங்காலம் வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்த்த கடவத்தை அன்றைக்கு எவளும் நிமிர்த்த மாட்டாள். நிமிர்த்தினால் மறுபடி மீன் சுமக்க வேண்டி வரும் என்று ஒரு நம்பிக்கை. “மைனி, ஒரு கடவத்தக் கவுத்து மேல ஏத்துங்க. எல்லாளுக்கும் புரியும். கடல்ல நிக்கவனுக்கு ஒண்ணும் புரியாது” என்றாளாம் அவள். உடன்குடியிலிருந்து அகலமான கடவம் ஒன்று வரவழைத்து, சுண்ணாம்பு அடித்து, நான் அடியில் ஒரு வளையம் மட்டும் மாட்டிக் கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

எப்போது ஏற்றுவது என்பதற்கு வழி சொன்னது சுகாதார நர்ஸ். ஆற்றுப் பாசன ஊர்க்காரப் பெண், வயல் வெயிலில் வளர்ந்தவள். போனில் வரும் எச்சரிக்கையை அக்கா காட்டியதும், “டெல்லியில இருந்து போன் வரைக்கும் எச்சரிக்க ஒழுங்கா வந்துருதுக்கா. போன்ல இருந்து களத்துக்கு வாரதுக்குத்தான் ஆளே இல்ல” என்றாள். கடலோரத்தில் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது, வியர்வை காய்கிறதா என்று பார்க்க வேண்டும், காயாவிட்டால் உடம்பு ஆறாது என்று விளக்கினாள். ஒரு பலகையில் இரண்டு தெர்மாமீட்டர் பொருத்தி, ஒன்றின் நுனியில் விளக்குத் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். ஈரத் தெர்மாமீட்டரில் ஓரிடத்தில் சிவப்பு நூல் கட்டினாள். “இது நூலுக்குக் கிட்ட வந்தா மீன மூடுங்க. நூலத் தொட்டா ஏத்துங்க. தொட்ட பொறவு ஒருத்தரும் வெயில்ல நிக்கக் கூடாது.” எண் வாசிக்கத் தெரியாதவளுக்கும் நூல் தெரியும் அல்லவா. படித்தவர்களில் இப்படி இறங்கி வந்து யோசிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும்.

அவளே இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். களத்துப் பெண்கள் தண்ணீர் குடிப்பதே இல்லை. “குடிச்சா எங்க போறது?” என்று ஒருத்தி அவளைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள். அக்கா அன்றைக்கே அண்ணாச்சியைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் கழிப்பறை கட்ட வைத்தாள். தகரக் கொட்டகை மேல் பனையோலை வேய்ந்து, ஓலையில் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்தாள். நாடு வெயிலுக்குத் தயாராக வேண்டும் என்று பெரிய பெரிய பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஒரு களம் தயாராக இத்தனை இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கயிற்றை யார் இழுப்பது? அக்கா தானே இழுப்பாள் என்று நினைத்தோம். அவள் கயிற்றைத் தம்பி மனைவி கையில் கொடுத்தாள். “நான் இழுத்தா அண்ணாச்சிக்குப் பயந்து அஞ்சு நிமிசம் பிந்தி இழுப்பேன். இவளுக்கு அந்த அஞ்சு நிமிசம் என்னன்னு தெரியும்.”

சித்திரையில் பதினொரு தடவை கடவம் ஏறியது. முதல் தடவை பெண்கள் மேலே பார்த்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. பதினெட்டுப் பேரும் ஒன்றாக நடந்து கொட்டகைக்குள் வந்தார்கள். அதை நின்று பார்த்தேன். யாரும் யாருக்கும் முந்தவில்லை. மீனும் கெடவில்லை. தெர்மாமீட்டர் நூலுக்குக் கிட்டத்தில் வந்ததும் பழைய வலையை நாலாய் மடித்து மேலே விரித்து, ஓரத்தில் கல் வைத்துவிடுவார்கள். மூன்றரைக்கு எடுத்தால் தலை ஒடியாமல் இருக்கும்.

கத்திரி பிறந்து ஏழெட்டு நாள் இருக்கும். கழிப்பறைக் கதவின் கீல் ஆடுகிறது என்று நான் போயிருந்தேன். தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கட்டிக்கிடந்தன. வள்ளத்து மீன்தான் வரத்து. அன்று பார்த்து நெத்திலி குவியலாய் வந்திருந்தது. களம் முழுக்க வெள்ளி விரித்த மாதிரி கிடந்தது. சாயங்காலம் ஏற்ற வேண்டிய லோடு. அண்ணாச்சியே லாரியோடு காலையிலேயே வந்துவிட்டார்.

பதினொன்றரைக்குக் காற்று நின்றது. கடல்காற்று ஒரேயடியாக நின்றது என்றால் அதைக் காது உணரும், ஏதோ ஒரு சத்தம் அணைந்த மாதிரி. பெண்கள் வலையை விரிக்கத் தொடங்கினார்கள். பாதிக் களம் கூட மூடியிருக்க மாட்டார்கள், கப்பி கிறீச்சிட்டது. கடவம் ஏறிவிட்டது. தம்பி மனைவி கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அக்காவைத் தவிர.

“அம்மா, பாதி தொறந்து கெடக்கு” என்று லாரிப் பக்கமிருந்து குரல் கொடுத்தார் அண்ணாச்சி. அவர் அதட்டவில்லை. ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது.

அக்கா ஒற்றை ஆளாய் வலையின் ஒரு முனையை இழுத்துக்கொண்டு களத்துக்கு நடுவே போனாள். வலை அவளைவிடக் கனம். இரண்டடி இழுப்பதும் நிற்பதுமாக இருந்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கொட்டகைக்குள் முணுமுணுப்பு. ஒருத்தி சும்மாட்டை எடுத்துத் தலையில் கட்டினாள். “அக்கா தனியாக் கெடந்து இழுக்காளா, வாங்களா” என்று இன்னொருத்தி எழுந்தாள். மூன்று பேர் நிழலின் ஓரம் வரை வந்துவிட்டார்கள்.

அவர்களைத் தள்ளிக்கொண்டு தம்பி மனைவி முன்னால் வந்தாள். நிழல் முடிகிற கோட்டில் நின்று கத்தினாள்: “மைனி! கடவம் மேல இருக்கு!”

“தெரியும்ளா. அஞ்சு நிமிசம். மூடிட்டு வந்துருதேன்.”

“வாங்க உள்ள!”

“ஏளா, இந்த லோடு போச்சுன்னா கடவத்தையே இறக்கிருவாவ. அதுக்குத்தான இழுக்கேன்!”

“நீங்க அங்கன நின்னா இவளுவ எல்லாம் வருவாளுவ. இந்தா, மூணு பேரு வந்தாச்சு. அப்ப அண்ணாச்சி எதுக்குத் தனியா இறக்கணும்? இப்பவே இறங்கிட்டுல்லா?”

அக்கா நின்றாள். வலை கையில் இருக்கிறது. முன்னால் பாதிக் களம் மீன் பளபளவென்று திறந்து கிடக்கிறது. கொட்டகை ஓரத்தில் மூன்று பேர் ஒற்றைக் காலை வெயிலில் வைத்தபடி இவள் முகத்தையே பார்க்கிறார்கள். நான் இருபது வருஷமாக அவளைப் பார்க்கிறேன், யார் சொல்லுக்கும் அவள் இப்படி நின்று பார்த்ததில்லை.

அந்தப் பாதி மீன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒடிந்துதான் போயிற்று. கோழித் தீவனத்துக்கு அனுப்பினார்கள். கடவத்தை மட்டும் அண்ணாச்சி இறக்கச் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். “அன்னைக்கு அவ கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டேம்லாவே. குடிச்சவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இறக்குவான்?” என்றார்.

நடந்தது இதுதான். அக்கா வலையைக் கீழே போட்டாள். போட்ட இடத்தில் அது மீன்மேல் சுருண்டு விழுந்தது, அதைக்கூடச் சரிசெய்யவில்லை. நேரே நடந்து கொட்டகைக்குள் வந்தாள். வழியில் நின்ற மூன்று பேரையும் தோளைத் தொட்டு உள்ளே திருப்பினாள். பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு தம்பி மனைவிக்கு எதிரில் நின்றே முழுக்கக் குடித்தாள். அடுத்த செம்பை மொண்டு கொட்டகை ஓரத்துக்கு வந்தாள். லாரிப் பக்கம் வெயிலில் நின்றுகொண்டிருந்த அண்ணாச்சியைப் பார்த்து, நிழலை விட்டு ஒரு விரற்கடை கூடக் கால் வெளியே வைக்காமல், செம்பை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள்.